எலும்புப்புரை யாருக்கு வரும், ஏன் வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பெரியவர் ஒருவர் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிறகுதான் பல குடும்பங்களில் ‘எலும்புப்புரை’ என்ற பெயரே காதில் விழுகிறது. ஆனால் அதற்கான தடயங்கள் பத்து இருபது வருடங்களாக அந்த வீட்டு மருந்து டப்பாவிலும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கிடந்திருக்கும். அதனால் இங்கே காரணங்களுக்கும் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதற்கும்தான் அதிக இடம். சிகிச்சை பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

எலும்புப்புரை என்றால் எலும்புக்குள் என்ன நடக்கிறது?

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்து எடுக்க ஒரு வகை செல்கள், அந்த இடத்தில் புதிதாகக் கட்ட இன்னொரு வகை செல்கள் என்று ஆயுள் முழுக்க உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இருபதுகளின் கடைசி வரை கட்டும் வேலை முந்தும். முப்பது வயதை ஒட்டி எலும்பு அடர்த்தி உச்சத்தைத் தொடும். கொஞ்ச காலம் இரண்டும் சமமாக ஓடும். அப்புறம் அரிக்கும் வேலை கை ஓங்க ஆரம்பிக்கும்.

எலும்பின் வெளிச்சுவர்தான் கெட்டி. உட்பகுதியில் மெல்லிய சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். எலும்புப்புரையில் அந்தச் சட்டங்கள் மெலிந்து, சில இடங்களில் அறுந்தே போய்விடும், வெளிச்சுவரும் மெலியும். கரையான் அரித்த கதவு நிலை, மேலே பெயின்ட் மங்காமல் நிற்குமே, அப்படித்தான் வெளியே எதுவும் தெரியாது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமென்றால்கூட முப்பது நாற்பது சதவீத எலும்பு போயிருக்க வேண்டும்.

வலி இருக்குமா? எப்படித்தான் கண்டுபிடிப்பது?

எலும்பு மெலிவதால் மட்டும் வலிக்காது. முறிந்தால்தான் வலிக்கும். முதுகெலும்பு விஷயத்தில் அதுவும் உத்தரவாதமில்லை. முதுகெலும்புகள் நசுங்கி முறிவதில் மூன்றில் இரண்டு பங்கு, மருத்துவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ‘வயசானா முதுகு வலிக்கும்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளம் உயரம். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. இளமையில் யார் அளந்து வைத்தார்கள் என்று கேட்கலாம். பழைய பாஸ்போர்ட்டிலோ ஓட்டுநர் உரிமத்திலோ உயரம் எழுதியிருக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டாலும் வேறு குறிப்புகள் இருக்கின்றன. சமையலறை மேல்தட்டில் இருக்கும் டப்பா முன்பு எட்டும், இப்போது எட்டவில்லை. பழைய நைட்டி தரையைத் தொடுகிறது. சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டி நின்றால் பின்தலை சுவரைத் தொடவில்லை. இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூட்டுத் தேய்மானமும் இதுவும் ஒன்றா?

இல்லை. மூட்டுத் தேய்மானம் என்பது மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு கெட்டுப்போவது. அது வலிக்கும், மடக்க முடியாது, வீங்கும். எலும்புப்புரை எலும்பின் அடர்த்தி குறைவது; அது சத்தமே போடாது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். முழங்கால் வலிக்கு வருடக்கணக்கில் வைத்தியம் பார்ப்பவர்கள் ‘எலும்பு டாக்டரிடம்தானே போகிறோம், எல்லாம் பார்த்திருப்பார்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடர்த்திப் பரிசோதனை தனி. கேட்டு எடுத்தால்தான் உண்டு.

அம்மா வழுக்கி விழுந்தார், கை முறிந்தது. விழுந்ததால்தானே முறிந்தது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்து ஓர் எலும்பு முறிந்தால், நல்ல எலும்பாக இருந்தால் அது முறிந்திருக்காது என்றுதான் மருத்துவம் எடுத்துக்கொள்கிறது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு முறிவது வேறு. ஈரத் தரையில் சறுக்கி, கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிவது வேறு. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டாவது வகை முறிவு வந்தால், அதை விபத்து என்று மட்டும் கணக்கெழுதக் கூடாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மாவுக்கட்டு போடுகிறார்கள். ஆறு வாரத்தில் பிரிக்கிறார்கள். பிசியோதெரபி முடிந்ததும் ஃபைல் பீரோவுக்குள் போய்விடுகிறது. குளியலறைக்கு ரப்பர் மேட் வாங்குவதோடு விஷயம் முடிந்தது. எலும்பு ஏன் அவ்வளவு சுலபமாக முறிந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை இப்படி முறிந்தவர்களுக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு; அதிலும் முதல் ஒன்றிரண்டு வருடங்களில்தான் அதிகம். பெரும்பாலும் வரிசை இதுதான்: ஐம்பதுகளில் மணிக்கட்டு, அறுபது எழுபதுகளில் முதுகெலும்பு, அதற்குப் பிறகு இடுப்பு. இடுப்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி துணையில்லாமல் நடப்பதில்லை. அதனால் மணிக்கட்டு முறிந்த வாரத்திலேயே ‘எலும்பு அடர்த்தி பார்க்கலாமா டாக்டர்?’ என்று கேட்டுவிடுங்கள்.

சரி, விழுவதற்கும் காரணங்கள் உண்டு. கண்புரை, ராத்திரி தூக்க மாத்திரை, எழுந்தவுடன் தலைசுற்ற வைக்கும் பிரஷர் மாத்திரை, தேய்ந்த ரப்பர் செருப்பு, பின்கட்டில் இருக்கும் கழிவறைக்கு இருட்டில் நடப்பது. இதையெல்லாம் சரிசெய்வதும் எலும்பைக் காப்பாற்றுவதுதான்.

பெண்களுக்கு ஏன் இவ்வளவு அதிகம்?

ஈஸ்ட்ரோஜன்தான் காரணம். எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போட்டு வைத்திருப்பது அந்த ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது சடாரென்று குறைகிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு வருடங்களில் ஒரு பெண் தன் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை இழக்கலாம். மாதவிடாய் நிற்பதற்கும் எலும்பு மெலிவதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்திலேயே எடுத்துச் சொல்லிவிட்டார்.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் அது 51 வாக்கில். ஆக, கடிவாளம் நான்கைந்து வருடம் முன்னதாகவே கழன்றுவிடுகிறது. 45 வயதுக்கு முன் நின்றால் அதுவே ஓர் ஆபத்துக் காரணம். 40க்கு முன் நின்றால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘தொல்லை விட்டது’ என்று சந்தோஷப்பட்டுவிட்டு அதோடு மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பெண்களின் எலும்பு முதலிலேயே மெல்லியது என்பதும், ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

நாலு பிள்ளை பெற்று, எல்லோருக்கும் பால் கொடுத்ததால்தான் எலும்பு போனதா?

பாட்டிகள் இப்படித்தான் சொல்வார்கள். பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பு அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் குறைவது உண்மை. ஆனால் பால் நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பிவிடுகிறது. குழந்தைக்குப் பால் கொடுத்ததைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு மிச்சத்தைத் தான் சாப்பிட்டது இருக்கிறதே, அதைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள். நான் பயப்பட வேண்டுமா?

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது சினைப்பைகள். மாதவிடாய் நிற்பதற்கு முன்பே இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், அறுவை சிகிச்சை நடந்த அன்றே மெனோபாஸ் தொடங்கிவிட்டது என்று பொருள். எலும்பின் சரிவும் அன்றே தொடங்குகிறது. சினைப்பைகளை விட்டு வைத்திருந்தால் அவ்வளவு கவலையில்லை. இருந்தாலும் சிலருக்கு அவை சில வருடம் முன்கூட்டியே ஓய்ந்துவிடுவது உண்டு. கர்ப்பப்பை இல்லாததால் மாதவிடாய் நின்றது எப்போது என்று தெரியவும் வழியில்லை.

முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் நம் நாட்டில் நிறைய. அதிக ரத்தப்போக்கு என்று போனவர்களுக்கு என்னென்ன எடுத்தார்கள் என்றே பல சமயம் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா என்று ஒரு மருத்துவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுத்திருந்தால், எந்த வயதில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் அது தேவைப்படும்.

ஆண்களுக்கு வராதா?

வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் எலும்புப்புரையால் ஒரு முறிவாவது ஏற்படும் என்பது உலக அளவிலான கணக்கு. இடுப்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஆண்களுக்கு வருவது. முறிந்த பிறகு இறப்பதும் ஆண்களில்தான் அதிகம்.

ஆண்களுக்கு வரும்போது பின்னால் தனியாக ஒரு காரணம் ஒளிந்திருப்பது வழக்கம்: குடி, பீடி சிகரெட், நெடுநாள் ஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு, புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் ஹார்மோன் ஊசி. புராஸ்டேட்டுக்கு ஊசி போட ஆரம்பிக்கும்போதே எலும்பைப் பற்றியும் கேட்க வேண்டும்.

எந்த மருந்துகள் எலும்பைக் கரைக்கும்?

முதல் இடம் ஸ்டீராய்டுக்கு. பிரெட்னிசலோன் போன்ற மாத்திரையை நாளுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மூன்று மாதத்துக்கும் அதிகமாகச் சாப்பிடுபவர்கள் எல்லோரும் எலும்பைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள். இழப்பு மெதுவாக நடப்பதில்லை. தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் மிக வேகம். ஸ்டீராய்டு கட்டும் செல்களை முடக்குகிறது, அரிக்கும் செல்களை நீடிக்க வைக்கிறது, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதையும் குறைக்கிறது, தசையையும் மெலிய வைக்கிறது. முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு அழற்சி), ஆஸ்துமா, உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், சிறுநீரக நோய் என்று உண்மையாகவே அது தேவைப்படுகிற நோய்கள் இருக்கின்றன. அவர்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எலும்புக்குப் பாதுகாப்பு மருந்து சேர்க்கலாமா என்று மருத்துவரைக் கேட்பதுதான் வழி. இன்ஹேலர் பயன்படுத்துபவர்களுக்கு இந்த அளவு ஆபத்து கிடையாது. மாத்திரையோடு ஒப்பிட்டால் உடம்புக்குள் போவது மிகக் குறைவு.

மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டாவது சீட்டில் இருக்கும். பெயரில்லாத பொட்டலத்தில் வருவதை என்ன செய்வது? மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் என்று லேபிள் இல்லாமல் விற்கும் பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகப் பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோகும், பசி எடுக்கும், முகம் உப்பிப் பளபளக்கும். ‘அவர் கைராசி’ என்று ஊரே போகும். சித்த மருத்துவத்தைச் சொல்லவில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவரே இந்தப் பொட்டலங்களைக் கண்டால் திட்டுவார். எந்த மருந்து என்று சொல்ல மறுப்பவரிடம் வாங்கிய எதையும் மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், அதை ஸ்டீராய்டாகவே எண்ணிக்கொண்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஐந்து வருடம், சிலருக்கு இன்னும் அதிகமாகக் கொடுக்கப்படும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகள். இவை ஈஸ்ட்ரோஜனை அடியோடு குறைப்பதால் எலும்பும் குறைகிறது. ஃபிட்ஸுக்கு வருடக்கணக்கில் சாப்பிடும் ஃபெனிட்டாயின், ஃபெனோபார்பிட்டோன் மாத்திரைகள், கால்சியத்தை உறிஞ்சத் தேவையான வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைத்துவிடும். சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோன் பெண்களுக்கு முறிவு ஆபத்தைக் கூட்டும். தைராய்டு மாத்திரை சரியான அளவில் பிரச்சினை இல்லை. அளவு கூடிப்போய், ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்எச் என்ற தைராய்டு எண் அடியில் கிடந்தால் எலும்பு போகும். ஒரு தடவை எழுதிக் கொடுத்த அளவையே நான்கு வருடம் ரத்தப் பரிசோதனை இல்லாமல் சாப்பிடுபவர்கள் கவனிக்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும் எலும்பு அடர்த்தியைச் சற்றுக் குறைக்கும், ஆனால் நிறுத்தியபின் பெரும்பாலும் மீண்டு வரும்.

அப்புறம் நம் ஊரில் காலை காபிக்கு முன் எல்லோரும் போடுகிற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை. நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு முறிவு கொஞ்சம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரைதான் நேரடிக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. பத்து நாள் சாப்பிட்டவர் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆறு வருடமாக, எதற்கு ஆரம்பித்தோம் என்றே மறந்துபோய்ச் சாப்பிடுபவர், இன்னும் தேவையா என்று கேட்கலாம்.

எந்த நோய்கள் எலும்பைப் பாதிக்கும்?

முடக்குவாதம் முக்கியமானது, அந்த அழற்சியே எலும்பை அரிக்கும், மேலே ஸ்டீராய்டும் சேரும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி அதிகம் வேலை செய்வது, நாள்பட்ட சிறுநீரக நோய், கல்லீரல் நோய், குடல் சத்தை உறிஞ்சாத நோய்கள், பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்பது ஆகியவையும் பட்டியலில் உண்டு. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் சில சமயம் வெறும் எலும்புப்புரைபோலவே வந்து நிற்கும். அதனால்தான் முதுகெலும்பு முறிவோடு போனால் நல்ல மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனை ஏழெட்டு எழுதுகிறார்கள். பணம் பிடுங்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

சர்க்கரை நோய் தனிக் கதை. டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்கேனில் அடர்த்தி இயல்பாக, சொல்லப்போனால் சற்றுக் கூடுதலாகக்கூட வரும். ஆனால் முறிவு அதிகம். எலும்பின் அளவு குறையவில்லை, தரம் குறைந்திருக்கிறது. கண்பார்வை மங்கல், கால் மரத்துப்போதல், சுகர் இறங்கித் தலைசுற்றல் என்று விழுவதற்கான காரணங்களும் அவர்களிடம் அதிகம். இத்தனை சர்க்கரை நோயாளிகள் உள்ள ஊரில், ‘ஸ்கேன் நார்மல்’ என்று கேட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

குண்டாக இருப்பவர்களுக்கு எலும்பு கெட்டியாக இருக்குமாமே?

ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது சரி. எடை அதிகம் என்பதற்காக விலக்கு எதுவும் கிடையாது. பட்டினி போட்டு வேகமாக எடை குறைப்பது எலும்பையும் சேர்த்துக் குறைக்கும். கல்லூரி வயதில் சாப்பிடாமல் இருந்து மாதவிடாயே நின்றுபோன பெண்களைப் பெற்றோர் கட்டாயம் கவனிக்க வேண்டும். எலும்பு சேரும் வயதே அதுதான்.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும்?

வெயில் அடிக்கிறது, நம் மேல் படுவதில்லை. தோலில் வைட்டமின் டி உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். காலை ஏழு மணி இளவெயிலில் அது மிகக் குறைவு. திருப்பதியில் நடந்த ஆய்வு ஒன்றில் பகல் 11 மணி முதல் 2 மணி வரைதான் அதிகம் உருவாவது தெரிந்தது. அந்த நேரத்தில் நாம் நிழலில், அலுவலகத்தில், பஸ்ஸில். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கருத்த தோலுக்கு அதிக நேரம் வேண்டும். உடம்பு முழுக்க மூடிய உடையில் கதிர் உள்ளே இறங்காது. சித்திரை வெயிலில் உச்சி வேளை நிற்கச் சொல்லவில்லை, மயக்கம் போட்டு விழுந்தால் அதுவே முறிவாகிவிடும். குறைவு அதிகமென்றால் மருந்துதான் சுலபம்.

அந்த மருந்தில்தான் எச்சரிக்கை தேவை. 60,000 யூனிட் சாஷே அல்லது கேப்ஸ்யூலை வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதுவார்கள். சீட்டை அவசரமாகப் பார்த்துவிட்டு நாளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், எட்டு வாரத்தோடு நிறுத்தாமல் வருடக்கணக்கில் தொடர்ந்தவர்கள் வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழப்பம் என்று மருத்துவமனைக்கு வருகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் அடிவாங்கியிருக்கும். கடைக்காரரைக் கிழமையின் பெயரை அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பால் பிடிக்காது. கேழ்வரகு போதுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. ஒரு டம்ளர் பால், அதாவது 200 மில்லி, சுமார் 240 மில்லிகிராம் தரும். தயிரும் ஏறக்குறைய அப்படித்தான். 100 கிராம் கேழ்வரகில் 350 வாக்கில் இருக்கிறது. ஆனால் ஒரு வேளைக் கூழுக்கு 50 கிராம் மாவு போட்டால் 175தான், அதிலும் தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ, ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்தாலோ அந்த ஃபைட்டேட் குறையும். கூழ் காய்ச்சுகிற பழைய முறை இந்த வகையில் நல்ல முறை. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, எள்ளு, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி எல்லாம் நல்லவை. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தும், அதிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதை உடம்பில் சேர விடாது. கறிவேப்பிலையில் ஏராளம் என்பார்கள். உண்மைதான், ஆனால் தாளிக்கப் போடுவது பத்து இலை, அதையும் ஓரமாக ஒதுக்கி வைக்கிறோம்.

வெற்றிலைச் சுண்ணாம்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் கால்சியம் உண்டு. கூடவே போகும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றைக் கொண்டுவரும் என்பதால் அந்தக் கணக்கு வேண்டாம்.

உணவில் எட்டாத மிச்சத்துக்குத்தான் மாத்திரை. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. காலையில் எல்லா மாத்திரையையும் ஒரே கையில் அள்ளி விழுங்குபவர்களுக்குத் தைராய்டும் கட்டுப்படாது.

காபி, சிகரெட், மது?

நாளுக்கு இரண்டு மூன்று காபி பெரிய கெடுதல் செய்யாது. பாலையே காபியில்தான் பார்க்கிறோம் என்கிற வீடுகளில் நன்மைகூடச் செய்யலாம். சிகரெட்டும் பீடியும் கெடுதல், அளவு பற்றிய பேச்சே இல்லை. மது, தினமும் மூன்று யூனிட் (ஒரு யூனிட் ஏறக்குறைய 30 மில்லி பிராந்தி அல்லது விஸ்கி) தாண்டினால் முறிவு ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. தள்ளாடி விழுவது தனி.

அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா?

உச்ச எலும்பு அடர்த்தியில் 60 முதல் 80 சதவீதம் பரம்பரைதான் தீர்மானிக்கிறது. குறிப்பாக, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்திருந்தால் அது உங்கள் கணக்கில் ஏறும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008இல் வெளிவந்த ஃபிராக்ஸ் என்ற கணிப்பானில் அது ஒரு தனிக் கேள்வியே. 40 முதல் 90 வயதுக்குள் இருப்பவர்கள் வயது, எடை, உயரம், பழைய முறிவு, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம் போன்றவற்றைப் போட்டால் அடுத்த பத்து வருடத்தில் முறிவு வரும் வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனித்தனிக் கணக்குகள் உண்டு. ஸ்கேன் இல்லாமலும் போட்டுப் பார்க்கலாம். டைப் 2 சர்க்கரையை அது கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கு வரும் எண்ணை உள்ளதைவிடக் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச முகாமில் குதிகாலை வைத்துப் பார்த்தார்கள். ‘எலும்பு வீக்’ என்றார்கள். நம்பலாமா?

அது அல்ட்ராசவுண்ட் கருவி. சந்தேகத்தை எழுப்ப உதவும், நோயை உறுதி செய்ய உதவாது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அங்கேயே மேசை போட்டு விற்கும் பவுடர் டப்பாவை வாங்கிவிட்டு வராதீர்கள்.

உறுதி செய்வது, எக்ஸ்ரே கதிரால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன். பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்தால் போதும், கதிர்வீச்சு மிகக் குறைவு. ரிப்போர்ட்டில் இடுப்புக்கும் கீழ் முதுகுக்கும் தனித்தனி எண்கள் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது டி-ஸ்கோர்: ஆரோக்கியமான இளம் வயதினரோடு உங்களை ஒப்பிடும் எண் அது. மைனஸ் 1க்கு மேல் என்றால் இயல்பு. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் என்றால் அடர்த்திக் குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லைகள் இவை. பக்கத்தில் இருக்கும் இசட்-ஸ்கோர் உங்கள் வயதினரோடு ஒப்பிடுவது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள். முதுகில் தேய்மானத்தால் எலும்பு முளைத்திருக்கும் முதியவர்களுக்கு முதுகு எண் பொய்யாக நன்றாக வரும். இடுப்பு எண்ணையும் பாருங்கள்.

65 வயது தாண்டிய பெண்களும் 70 தாண்டிய ஆண்களும் எடுத்துப் பார்ப்பது நல்லது. மேலே சொன்ன காரணங்களில் ஏதாவது இருந்தால் அதற்கு முன்பே.

வீட்டு வேலையே போதாதா, தனியாக உடற்பயிற்சி எதற்கு?

சுமை விழுந்தால்தான் எலும்பு கட்டிக்கொள்ளும். எடையே இல்லாத விண்வெளியில் வீரர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 சதவீதம் அளவுக்கு இழக்கிறார்கள். உட்கார்ந்து காய் நறுக்குவதும் மிக்சியில் அரைப்பதும் சுமை கணக்கில் சேராது. வேகமான நடை, மாடிப்படி, சிறிய எடை தூக்குவது, ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்து நிற்பது எல்லாம் சேரும். முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் முன்னால் குனிந்து கால் விரலைத் தொடும் ஆசனங்களைச் செய்யக் கூடாது.

மருந்து ஆரம்பித்தால் ஆயுளுக்கும் சாப்பிட வேண்டுமா?

மருந்தைப் பொறுத்தது. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட்டைச் சில வருடங்களுக்குப் பிறகு பலருக்கு நிறுத்தி வைப்பார்கள். அதன் பலன் எலும்பில் தங்கியிருக்கும். அதை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் வீண், படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வருடம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமும் இதே குடும்பம்தான். எலும்பைக் கட்டும் டெரிபாரடைடு தினசரி ஊசி, வழக்கமாக இரண்டு வருடத்துக்கு மேல் போடுவதில்லை. அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், அடுத்து வரும் டெனோசுமாப் இவற்றில் எதைத் தொடங்குவதற்கு முன்பும் பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிடுவது நல்லது; பிறகு பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி மட்டும் வேறு ரகம். தள்ளிப்போட்டாலோ நிறுத்தினாலோ எலும்பு வேகமாகக் கரைந்து, ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் முறிந்தவர்கள் இருக்கிறார்கள். நிறுத்துவதென்றால் இன்னொரு மருந்துக்கு மாறிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு இந்த ஊசி போடுகிறார்கள் என்றால் அடுத்த தேதியை அவர் நினைவில் விடாமல் உங்கள் போனில் போட்டு வையுங்கள். மகள் வீட்டுக்கு வெளியூர் போகிற மாதமாக இருந்தால் அங்கே ஊசி கிடைக்குமா என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.